இரவும் பகலும் ஓடப்போகும் கிராஃபிக்ஸ் கார்டு: சிக்கனமாக எதை வாங்குவது?

கிராஃபிக்ஸ் கார்டு விமர்சனம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கேம் ஆடிப் பார்த்துத்தான் எழுதுகிறார்கள். நொடிக்கு எத்தனை ஃபிரேம் வருகிறது, ரே டிரேசிங் போட்டால் எவ்வளவு குறைகிறது என்று பட்டை பட்டையாக வரைபடம் போடுவார்கள். ஃபோல்டிங்@ஹோம், ஐன்ஸ்டைன்@ஹோம் மாதிரி, வீட்டுக் கணினியின் உழைப்பை அறிவியல் கணக்குக்குத் தானமாகத் தரும் திட்டங்களுக்குக் கார்டு தேடுகிறவருக்கு அதில் பாதிக்கு மேல் உதவாது. கேம் ஆடுகிறவர் சாயங்காலம் இரண்டு மணி நேரம் ஆடிவிட்டு அணைத்துவிடுவார். நம் கார்டுக்குத் தூக்கமே கிடையாது. புரதம் எப்படி மடிகிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டோ, பல்சார் எனும் துடிக்கும் விண்மீன்களைத் தேடிக்கொண்டோ, பகா எண்களைச் சோதித்துக்கொண்டோ நாள் முழுக்க முழு மூச்சில் ஓடும். அப்படி ஓடுகிற பொருளுக்குக் கடையில் கொடுப்பது முன்பணம் மாதிரிதான். மீதியை மின்கட்டணமாகக் கட்டிக்கொண்டே இருப்போம்.

அதனால் விலையை இங்கே பேசப்போவதில்லை. அது ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். வாட், நினைவகம், டிரைவர் ஆதரவு, எந்தத் திட்டத்தில் ஓடும் என்பவை எங்கே வாங்கினாலும் ஒன்றுதான். அவற்றை வைத்தே ஒப்பிடலாம்.

முதலில் வேலை, அப்புறம் கார்டு

"சிக்கனமா ஒரு கார்டு சொல்லுங்க" என்று யாராவது கேட்டால், எந்தத் திட்டத்துக்கு என்றுதான் நான் முதலில் திருப்பிக் கேட்பேன். தன்னார்வக் கணிமை என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே இருக்கும் வேலைகள் வேறு வேறு ரகம்.

ரொசெட்டா@ஹோம், கிளைமேட்பிரெடிக்ஷன் இரண்டும் பிராசசரில் ஓடுபவை. உங்கள் மனம் அவற்றில்தான் இருக்கிறது என்றால் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிட்டு, அந்தப் பணத்துக்கு நல்ல பிராசசர் பாருங்கள்.

புரத மடிப்பைக் கணக்கிடும் ஃபோல்டிங்@ஹோம் 2000 அக்டோபரில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. 2020 கொரோனா காலத்தில் உலகெங்கும் ஆட்கள் வந்து சேர்ந்ததில் எக்ஸாஃபிளாப், அதாவது நொடிக்குப் பத்தாயிரம் கோடி கோடி கணக்கு, என்ற எல்லையையே தாண்டியது. அதன் இன்றைய பலம் கிராஃபிக்ஸ் கார்டுகள்தான். என்விடியா, ஏஎம்டி என்ற இரண்டு கம்பெனிகளின் கார்டுகளிலும் ஓடும். ஆனால் 2020 செப்டம்பரில் வந்த மாற்றம் கணக்கை ஒரு பக்கம் சாய்த்துவிட்டது. அதற்கு முந்தைய சில ஆண்டுகள் என்விடியா கார்டுகளும், எல்லாக் கம்பெனிக் கார்டுக்கும் பொதுவான நிரல்முறையான ஓப்பன்சிஎல் வழியாகத்தான் ஓடின. அந்த மாதம் என்விடியாவின் சொந்த நிரல்முறையான கூடா வழி திறந்ததும், அதே பழைய கார்டுகள் ஒரே நாளில் கணிசமாக வேகம் கூடின. (தமிழில் எழுதும்போது 'கூடா' என்று வந்து, ஏதோ செய்யக்கூடாததைச் சொல்வது போல இருக்கிறது. என்ன செய்வது, அதன் பெயர் அப்படி.) அன்றிலிருந்து ஃபோல்டிங்கில் ஒரே வாட்டுக்கு என்விடியா முன்னால் நிற்கிறது.

ஐன்ஸ்டைன்@ஹோம் கதை வேறு. 2005-ல் தொடங்கிய இது, ஈர்ப்பு அலைகளையும் பல்சார்களையும் தேடுகிறது. 2010-ல் அரெசிபோ தொலைநோக்கியின் தரவிலிருந்து இதில் முதல் புதிய பல்சார் கிடைத்தது. அதைக் கண்டது தன்னார்வலர்களின் கணினிகள்தான். இங்கே ஓப்பன்சிஎல் நன்றாக எழுதப்பட்டிருப்பதால் ஏஎம்டி கார்டுகள் தலைநிமிர்ந்து நிற்கும். ஜிபியூகிரிட் என்விடியாவுக்கு மட்டும். வேறு கார்டு வைத்திருப்பவருக்கு அங்கே வேலை இல்லை. பகா எண் தேடும் பிரைம்கிரிட் எல்லாரையும் சேர்த்துக்கொள்ளும், ஆனால் கார்டை வறுத்து எடுக்கும். ஃபோல்டிங்கில் அமைதியாக ஓடிய கார்டு பிரைம்கிரிட்டில் சூடேறிக் கத்துவது சாதாரணம்.

ஒரே ஒரு திட்டத்தை நம்பிக் கார்டு வாங்கியவர்களின் கதையையும் சொல்லிவிடுகிறேன். மில்க்கிவே@ஹோம் திட்டத்துக்கு இரட்டைத் துல்லியக் கணக்கு, அதாவது அதிக இலக்கங்களோடு போடும் டபுள் பிரிசிஷன், தேவைப்பட்டது. சாதாரணக் கார்டுகளில் தயாரிப்பாளர்கள் அதை வேண்டுமென்றே சுருக்கி வைத்திருப்பார்கள். 2012 ஜனவரியில் வந்த ரேடியான் எச்டி 7970 மாதிரி ஒருசில கார்டுகளில் மட்டும் அது ஒற்றைத் துல்லிய வேகத்தில் நாலில் ஒரு பங்கு இருந்தது. கணக்குப் பார்த்தால் ஒரு டெராஃபிளாப்புக்கு (நொடிக்கு ஒரு லட்சம் கோடி கணக்கு) கொஞ்சம் குறைவு. 2023-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060-ல் அந்தப் பங்கு 64-ல் ஒன்று. கால் டெராஃபிளாப் கூட இல்லை. பதினோரு வயது மூத்த கார்டு நாலு மடங்கு வேகம்! இதனாலேயே பலர் அந்தப் பழைய 250 வாட் கார்டுகளைத் தேடித் தேடி வாங்கினார்கள். 2023-ல் மில்க்கிவே தன் கிராஃபிக்ஸ் கார்டு வேலையையே முடித்துக்கொண்டது. மிச்சமிருப்பது பிராசசருக்கான வேலை மட்டும். அதற்கு முன், வேற்றுக்கிரக அறிவுள்ள உயிர்களின் சிக்னலைத் தேடிய செட்டி@ஹோமும் அப்படித்தான். 1999 மே மாதம் தொடங்கி ஒரு தலைமுறைக்கே இந்தப் பழக்கத்தைப் பிடித்துவிட்ட திட்டம், 2020 மார்ச் 31-ஓடு வேலை அனுப்புவதை நிறுத்தியது. திட்டங்கள் வரும், போகும். ஒரு திட்டம் மூடினால் இன்னொன்றுக்கு மாற முடிகிற கார்டுதான் பணத்துக்கு மரியாதை.

கரண்ட் கணக்கு

இதைத் தாளில் போட்டுப் பார்க்காமல் கார்டு வாங்கக் கூடாது. 100 வாட் எடுக்கும் ஒன்று 24 மணி நேரம் ஓடினால் 2.4 யூனிட். வருஷம் முழுக்க ஓடினால் 876 யூனிட். உங்கள் ஊர் யூனிட் கட்டணத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

இப்போது செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கும் ஆர்எக்ஸ் 580-ஐ எடுப்போம். அறிவிக்கப்பட்ட மின்தேவை 185 வாட். முழு நேரம் ஓடினால் வருஷத்துக்குச் சுமார் 1,620 யூனிட். ஆர்எக்ஸ் 6600 அதைவிட வேகம்; ஆனால் 132 வாட்தான். அது 1,156 யூனிட். வித்தியாசம் 464 யூனிட். அதாவது மலிவு என்று வாங்கிய கார்டு வேலையையும் குறைவாகச் செய்துவிட்டு, வருஷாவருஷம் 464 யூனிட் அதிகம் கேட்கும். இரண்டு கார்டுகளின் விலை வித்தியாசத்தை அந்த 464 யூனிட்டின் கட்டணத்தால் வகுத்தால், மலிவுக் கார்டு எத்தனை வருஷத்தில் விலையுயர்ந்த கார்டாகிறது என்று தெரிந்துவிடும். கட்டணம் அதிகமுள்ள இடத்தில் அது வியக்கத்தக்க சீக்கிரம் நடக்கும்.

இந்தக் கணக்கு தினமும் முழு நேரம் ஓட்டுபவருக்கு. வாரக் கடைசியில் மட்டும், அல்லது ராத்திரி மட்டும் ஓட்டுகிறவர் என்றால் முன்பணம்தான் பெரிது, பழைய கார்டே போதும். வீட்டுக்கூரையில் சூரியத் தகடு வைத்திருப்பவர் பகலில் மட்டும் ஓட விடலாம். ஐன்ஸ்டைன் மாதிரிப் பல திட்டங்களை ஓட்டப் பயன்படும் பாயிங்க் மென்பொருளில் எந்த நேரத்தில் ஓட வேண்டும் என்று குறிப்பதற்கு வசதி இருக்கிறது.

வாட் கணக்கில் இரண்டு சின்ன விஷயம் சேரும். கார்டு எடுப்பது மட்டும் பில்லில் வராது. பவர் சப்ளையில் வீணாவது, மதர்போர்டு, கார்டுக்குத் தீனி போடும் பிராசசர் எல்லாம் சேரும். சுவரில் செருகும் மின்அளவி ஒன்று இருந்தால் உண்மை தெரியும். இரண்டாவது, கார்டு எடுக்கும் ஒவ்வொரு வாட்டும் அறையில் வெப்பமாக இறங்கும். குளிர் அறையில் அது போனஸ். ஏசி ஓடுகிற அறையில், அந்த வெப்பத்தை வெளியே தள்ளவும் நீங்களே காசு கொடுக்கிறீர்கள்.

75 வாட் வகையறா

தனி மின்கம்பி இல்லாமல், மதர்போர்டு ஸ்லாட் தரும் 75 வாட்டுக்குள்ளேயே வாழும் கார்டுகள் இவை. அலுவலகங்கள் கழித்துப் போடும் பழைய சிறிய கணினிகளில் பவர் சப்ளையை மாற்றவே முடியாது. அவற்றுக்கு இதுதான் வழி.

முன்பெல்லாம் ஜிடிஎக்ஸ் 1050 டிஐயைச் சொல்வோம். இனிமேல் வேண்டாம். அது சேர்ந்த பாஸ்கல் தலைமுறைக்கும் அதற்கு முந்தைய மேக்ஸ்வெல்லுக்கும் என்விடியா வழக்கமான டிரைவர் மேம்பாட்டை 580 வரிசையோடு முடித்துக்கொண்டது. 2025-ல் வந்த கூடா 13-லும் அவற்றுக்கு இடமில்லை. இன்று ஓடும், நாளைக்கும் ஓடும். ஆனால் ஏதாவது ஒரு திட்டம் தன் நிரலைப் புதிய கூடாவுக்கு மாற்றும் நாளில் நின்றுவிடும்.

அதற்கு அடுத்தது 2019-ன் ஜிடிஎக்ஸ் 1650: 896 கோர் (கணக்குப் போடும் அலகு), 4 ஜிபி. இன்னும் டிரைவர் ஆதரவு உண்டு. ஆனால் புதிதாக வாங்குவதென்றால் 2024-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050-ன் 6 ஜிபி வகையைத்தான் பார்ப்பேன். 70 வாட்டில் 2,304 கோர். பழைய 1650-ஐ விடக் குறைவான மின்சாரத்தில் தெளிவாக அதிக வேலை. இந்த வகையில் வேறு போட்டியே இல்லை என்று சொல்லலாம். பெயரில் மட்டும் கவனம்: 8 ஜிபி 3050 என்பது வேறு கார்டு. அதற்கு 130 வாட்டும் தனி மின்கம்பியும் வேண்டும்.

ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400 இதைவிடவும் குறைவாக, 53 வாட்தான் எடுக்கும். ஆனால் ஸ்லாட்டோடு நாலே பாதையில் பேசும் கார்டு அது. பழைய மதர்போர்டில் போட்டால் மூச்சுத் திணறும். பழைய கணினி வைத்திருப்பவர்தான் இந்த வகையைத் தேடுகிறார் என்பது இதில் உள்ள வேடிக்கை.

செகண்ட் ஹேண்ட் மேசை

2022 செப்டம்பரில் எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டதும், அதைத் 'தோண்டி' எடுக்க ஓடிய சுரங்கக் கார்டுகள் மொத்தமாகச் சந்தைக்கு வந்தன. அந்த அலையில் வந்தவை இன்னும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. சிக்கனம் தேடுகிறவர் கண் முதலில் போவது அங்கேதான்.

அங்கே என் முதல் தேர்வு ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர். 1,408 கோர், 6 ஜிபி, 125 வாட். 'சூப்பர்' என்ற ஒட்டு வெறும் அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள். சாதா 1660-ல் அதே 1,408 கோர்தான். ஆனால் நினைவகம் பழைய ரகம், நொடிக்கு 192 ஜிபி. சூப்பரில் 336 ஜிபி. ஐன்ஸ்டைனின் பல்சார் தேடல் மாதிரி நினைவகத்தை ஓயாமல் புரட்டும் வேலைகளில் இது நேரடியாகத் தெரியும்.

இப்படிப் பெயரை வைத்து ஏமாறுவதற்கு நிறைய இடம் இருக்கிறது. ஆர்எக்ஸ் 580-ல் '2048எஸ்பி' என்ற வால் இருந்தால் அது உண்மையில் 570. ஆர்டிஎக்ஸ் 3060-ல் 12 ஜிபி வகைக்கு 360 ஜிபி வேகம், 8 ஜிபி வகைக்கு 240. பெட்டியில் ஒரே பெயர், உள்ளே வேறு ஆள். அப்புறம், முழுப் போலிகளும் உண்டு. பத்துப் பன்னிரண்டு வயதான கார்டுக்குள் பதிந்திருக்கும் அடிப்படை நிரலான பயாஸை மாற்றி எழுதி, புதுக் கார்டு மாதிரி பெயர் காட்ட வைத்திருப்பார்கள். ஜிபியூ-இசட் என்ற இலவசக் கருவி பெரும்பாலும் இதைக் கண்டுபிடித்து, போலி என்றே எழுதிக் காட்டும். பணம் கொடுக்கும் முன் அதை ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள்.

நான் ஒரு தடவை அடிபட்டது வேறு விதத்தில். செகண்ட் ஹேண்டில் வாங்கிய கார்டு. கேம் ஆடிப் பார்த்தேன், வெண்ணெய் மாதிரி ஓடியது. ஃபோல்டிங்கில் போட்டதும் அரை மணிக்கு ஒருமுறை வேலை விழுந்தது. துகள் ஒன்றின் இருப்பிடம் 'எண்ணே அல்ல' என்று பிழை. ஒரு வாரம் பவர் சப்ளையையும் டிரைவரையும் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால், முன்பு வைத்திருந்தவர் சுரங்கத்துக்காக நினைவகத்தின் வேகத்தை ஏற்றி பயாஸிலேயே எழுதிவிட்டிருக்கிறார். கேமில் ஒரு பிக்சல் தப்பாகத் தெரிந்தால் யாரும் கவனிக்கப்போவதில்லை. அறிவியல் கணக்கில் ஒரு எண் தப்பினால் மொத்தக் கணக்கும் சிதறிவிடும். வேகத்தை இறக்கியதும் அந்தக் கார்டு ஒழுங்காக ஓட ஆரம்பித்தது. அதனால் செகண்ட் ஹேண்ட் கார்டுக்குக் கேம் சோதனை போதாது. முடிந்தால் நிஜ வேலை ஒன்றை முழுசாக முடிக்கவிட்டுப் பார்க்க வேண்டும். ஓவர்கிளாக் செய்யாதீர்கள், அதாவது நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஏற்றாதீர்கள் என்று எல்லாத் திட்டங்களும் தொண்டை கிழியச் சொல்வதும் இதற்காகத்தான்.

விசிறியைக் கையால் சுழற்றிப் பாருங்கள். ஆட்டமோ கரகரப்போ இருந்தால் விசிறி மாற்றும் செலவையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். சுரங்கக் கார்டின் சிப் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். முதலில் போவது விசிறியும், நினைவகத்தின் மேல் ஒட்டியிருக்கும் வெப்பப் பட்டையும்.

3060-ஆ, 4060-ஆ?

உண்மையான இழுபறி இங்கேதான். இரண்டும் என்விடியா, இரண்டும் நடுத்தரத்தின் கீழ்ப்படி. ஆர்டிஎக்ஸ் 3060, 2021-ல் வந்தது: 3,584 கோர், 12 ஜிபி, 170 வாட். ஆர்டிஎக்ஸ் 4060, 2023-ல் வந்தது: 3,072 கோர், 8 ஜிபி, 115 வாட்.

தாளில் டெராஃபிளாப் பார்த்தால் 3060-க்கு சுமார் 12.7, 4060-க்கு 15.1. இந்த எண்களை அப்படியே நம்பாதீர்கள், ஒரு கைப்பிடி கழித்தே பாருங்கள். 3000 வரிசையிலிருந்து என்விடியா, முழு எண் கணக்குக்கும் தசமக் கணக்குக்கும் பொதுவான பாதியையும் சேர்த்துத் தசமக் கோர் என்று எண்ணத் தொடங்கிவிட்டது. அதனால் 5 டெராஃபிளாப் 1660 சூப்பரை விட 3060 இரண்டரை மடங்கு வேகமாக ஓடும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். ஏஎம்டியும் ஆர்எக்ஸ் 7600-ல் வேறு வழியில் அதையே செய்தது. அதன் 21 டெராஃபிளாப் பெரும்பாலும் தாளிலேயே இருக்கும். ஒரே தலைமுறைக்குள் ஒப்பிட மட்டும் இந்த எண் உதவும்.

3060-க்கு ஆதரவாகச் சொல்ல இரண்டு உண்டு. ஒன்று நினைவக வேகம்: நொடிக்கு 360 ஜிபி, 4060-க்கு 272 தான். 4060 சிப்புக்குள்ளேயே இருக்கும் தன் 24 எம்பி தற்காலிக நினைவகத்தை (கேஷ்) வைத்து அதில் பெரும்பகுதியைச் சமாளிக்கும், முழுவதையும் அல்ல. இன்னொன்று 12 ஜிபி. பாயிங்க் திட்டங்களில் ஒரு கோப்பைத் திருத்தி, கார்டில் ஒரே நேரத்தில் இரண்டு வேலை ஓடவைக்கலாம். ஒரு வேலை பிராசசருக்காகக் காத்திருக்கும் இடைவெளியில் மற்றது கார்டைப் பிடித்துக்கொள்ளும். அப்படி ஓட்டுபவருக்கு நினைவகம் இரட்டிப்பாக வேண்டும். ஃபோல்டிங் மட்டும் ஓட்டுபவருக்கு 8 ஜிபியே தாராளம்.

4060-க்கு ஆதரவாக ஒரே ஒரு வாதம்தான். 55 வாட். முழு நேரம் ஓடினால் வருஷத்துக்கு 482 யூனிட். எனக்கு அந்த ஒன்றே போதுமாக இருந்தது.

3060-ஐச் செகண்ட் ஹேண்டில் வாங்கி மின் எல்லையை இறக்கிவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நிறையப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். என்விடியா டிரைவரோடு வரும் கட்டளைக் கருவியில் ஒரே வரியில் 170-ஐ 130 ஆக்கலாம். கடைசி சில நூறு மெகாஹெர்ட்ஸுக்குத்தான் கார்டு அநியாயமாக மின்சாரம் தின்கிறது. அதனால் மின்சாரம் குறைகிற அளவுக்கு வேலை குறையாது. சத்தமும் குறையும், விசிறியின் ஆயுளும் கூடும். ஆனால் அதே வித்தையை 4060-லும் செய்யலாமே. எவ்வளவு தூரம் இறக்கலாம் என்பது கார்டுக்குக் கார்டு மாறும். எல்லை இடிக்கிற கார்டில் கடிகார வேகத்தைப் பூட்டிவைத்தும் அதே பலனைப் பெறலாம். வித்தியாசம் சுருங்கும், மறையாது.

4060 கிடைக்காத இடத்தில் 2025-ல் வந்த 5060 நிற்கிறது. 145 வாட், அதே 8 ஜிபி. வேகம் கூடுதல். ஒரே எச்சரிக்கை, 5000 வரிசையில் 32-பிட் கூடா நிரல்கள் ஓடாது. பழைய நிரலை இன்னும் மாற்றாத திட்டம் ஏதாவது உங்கள் பட்டியலில் இருந்தால் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

சிவப்புப் பக்கம்

ஏஎம்டியில் என் பரிந்துரை ஒன்றே ஒன்று: ஆர்எக்ஸ் 6600. 132 வாட், 8 ஜிபி. ஐன்ஸ்டைன் மாதிரி ஓப்பன்சிஎல் திட்டங்களை ஓட்டுபவருக்கு இது நிதானமான, நம்பகமான கார்டு. இன்னொரு சத்தமில்லாத லாபமும் உண்டு. என்விடியாவில் ஒவ்வொரு வேலைக்கும் பிராசசரின் ஒரு திரெட் முழுசாகப் பிடிபட்டுவிடும். கார்டு முடித்துவிட்டதா, முடித்துவிட்டதா என்று அது கேட்டுக்கொண்டே நிற்கும். ஏஎம்டியில் பெரும்பாலும் அந்தத் தொந்தரவு குறைவு. நாலே கோர் உள்ள பழைய பிராசசரில், மிச்சக் கோர்களை வேறு திட்டத்துக்கு விட நினைப்பவருக்கு இது பெரிய விஷயம்.

தலைவலி லினக்ஸில். விண்டோஸில் ஏஎம்டி டிரைவரை நிறுவினால் ஓப்பன்சிஎல் கூடவே வந்துவிடும். லினக்ஸில் திரை அழகாகத் தெரியும், கேமும் ஓடும், பாயிங்க் மட்டும் 'பயன்படுத்தத்தக்க கார்டு இல்லை' என்று சொல்லும். ஓப்பன்சிஎல்லைத் தனியாகத் தேடி நிறுவ வேண்டும். முடியாதது இல்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும். லினக்ஸில் என்விடியாவுக்கும் நிறுவனத்தின் சொந்த டிரைவரைத்தான் போட வேண்டும். தானாக வரும் நூவோ டிரைவரில் கூடா கிடையாது.

இன்டெல் ஆர்க் பற்றியும் கேட்பார்கள். ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் தலைமுறை ஆர்க் கார்டுகளில் இரட்டைத் துல்லியக் கணக்கு வன்பொருளிலேயே இல்லை. சும்மா இருக்கும்போதும் வழக்கத்தைவிட அதிக மின்சாரம் குடிப்பதாகப் பெயர் வாங்கியவை. வீடியோ வேலைக்கு வாங்கியது ஏற்கெனவே கையில் இருந்தால் தாராளமாக ஓட்டுங்கள். இதற்கென்றே வாங்க நான் சொல்லமாட்டேன்.

சர்வர்களிலிருந்து கழித்த டெஸ்லா கார்டுகள் 'இவ்வளவு நினைவகம் இவ்வளவு மலிவா' என்று கண்ணை இழுக்கும். கே80-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 24 ஜிபி, 300 வாட், விசிறி கிடையாது, திரைக்குக் கம்பி செருக இடம் கிடையாது, மின்கம்பியின் முனைகூட சாதாரணக் கார்டு மாதிரி இல்லை. சர்வர் பெட்டிக்குள் சூறாவளி மாதிரி காற்று அடிக்கும் என்று நம்பிச் செய்யப்பட்ட பொருள். டிரைவர் ஆதரவும் 470 வரிசையோடு போய்விட்டது. குடைந்து பார்க்கும் ஆசை உள்ளவருக்கு அது நல்ல பொம்மை.

புள்ளி ஆசை

இரண்டு சின்னக் கார்டா, ஒரு பெரிய கார்டா என்ற கேள்வி அடிக்கடி வரும். ஃபோல்டிங்கில் இதற்கு ஒரு விசித்திரமான பதில் இருக்கிறது. அங்கே சீக்கிரம் முடித்துக் கொடுத்தால் போனஸ் உண்டு. கொடுத்த கெடுவை எடுத்துக்கொண்ட நேரத்தால் வகுத்து, அதன் வர்க்கமூலத்தை ஒட்டி போனஸ் ஏறும். அதாவது ஒரு வேலையைப் பாதி நேரத்தில் முடித்தால் அந்த வேலைக்கு சுமார் 1.41 மடங்கு புள்ளி. அதே நேரத்தில் இரண்டு வேலை முடிவதால் ஒரு நாளுக்கு 2.83 மடங்கு. பாதி வேகமுள்ள இரண்டு கார்டுகள் சேர்ந்து அதே அளவு கணக்கைப் போட்டாலும், புள்ளியில் பெரிய கார்டின் 71 சதவீதத்தைத்தான் தொடும்.

இது வெறும் பரிசுத் தந்திரம் இல்லை. ஒரு புரதத்தின் அசைவைத் துண்டு துண்டாக வெட்டி அனுப்புகிறார்கள். முதல் துண்டு திரும்பி வந்தால்தான் அடுத்ததைத் தொடங்க முடியும், தொடர் ஓட்டத்தில் குச்சி கைமாறுவது போல. தாமதமாகக் கொடுப்பவர் பின்னால் வருகிற எல்லாரையும் நிறுத்திவைக்கிறார். அதனால் ஃபோல்டிங்குக்கு ஒரே கார்டு என்றால் கொஞ்சம் வேகமானதே நல்லது. மதர்போர்டின் ஒற்றைப் பாதை ஸ்லாட்டில் ரைசர் என்ற நீட்டிப்புப் பலகை போட்டு இரண்டாவது கார்டு மாட்டுகிற யோசனையும் ஃபோல்டிங்குக்குச் சரிவராது. தரவு போய்வரும் வழியிலேயே வேகம் வடிந்துவிடும்.

இந்தப் போனஸ் தானாக வராது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. பாஸ்கீ என்ற ஒன்றை வாங்கிப் பதிய வேண்டும். அதைப் போட்டபின் பத்து வேலைகளை முடித்து, வெற்றி விகிதம் 80 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால்தான் கணக்கு தொடங்கும். பாஸ்கீ போடாமல் "என் கார்டு மட்டும் ஏன் இவ்வளவு கம்மி" என்று கார்டைக் குறை சொன்னவர்கள் உண்டு.

பெரும்பாலான பாயிங்க் திட்டங்களில் இந்தப் போனஸ் கிடையாது, கெடுவும் தாராளம். அங்கே இரண்டு சின்னக் கார்டுகள் ஒரு பெரிய கார்டுக்குச் சமம்தான். ஆனால் ஒரு திட்டத்தின் புள்ளியை இன்னொன்றின் புள்ளியோடு ஒப்பிடாதீர்கள். ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு வாரி இறைக்கிறது. புள்ளி அதிகம் தருகிறது என்று ஒரு திட்டத்துக்குத் தாவிக் கார்டு வாங்கினால், அது வேறு விளையாட்டு.

சரி, எதை வாங்குவது?

கையில் ஏற்கெனவே நாலைந்து வருஷத்துக்குள் வாங்கிய கார்டு ஏதாவது இருந்தால், எதுவும் வாங்காதீர்கள். மின் எல்லையை முக்கால் பங்காக இறக்கி ஒரு மாதம் ஓட்டுங்கள். அடுத்த மின்கட்டணச் சீட்டு வந்தபின் வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்று பாருங்கள். ஆர்வம் அந்தச் சீட்டைத் தாண்டி நின்றால் புதுக் கார்டைப் பற்றி யோசிக்கலாம்.

முழு நேரம் ஓட்டப்போகிறீர்கள், ஃபோல்டிங்தான் பிரதானம் என்றால் ஆர்டிஎக்ஸ் 4060, அதுவும் இரட்டை விசிறி வைத்த வகை. ஒற்றை விசிறி கேமுக்குப் போதும். நாள் முழுக்க ஓடும்போது அது மேல்வேகத்திலேயே கிடந்து ஒரு வருஷத்தில் முனக ஆரம்பிக்கும். பல வேலைகளை ஒரே நேரத்தில் ஓட்டும் பாயிங்க்காரர் என்றால், நல்ல நிலையில் கிடைக்கும் 12 ஜிபி 3060-ஐ மின் எல்லை இறக்கி ஓட்டலாம். ஐன்ஸ்டைன் மட்டும், விண்டோஸ் கணினி என்றால் ஆர்எக்ஸ் 6600. பழைய குட்டிக் கணினி என்றால் 3050-ன் 6 ஜிபி. வாரக் கடைசி ஓட்டத்துக்கு, சோதித்து வாங்கிய 1660 சூப்பர்.

லேப்டாப்பில் இருக்கும் கார்டைப் பற்றி யாரும் கேட்டுவிடாதீர்கள். அந்தக் குட்டி விசிறி பாவம்.

எதை வாங்கினாலும் முதல் வாரம் கேபினெட்டின் பக்கப் பலகையைத் திறந்தே வைத்து, வெப்பத்தையும் தோற்றுப்போகும் வேலைகளின் எண்ணிக்கையையும் தினமும் பாருங்கள். ஒரு வாரத்தில் ஒரு வேலைகூட விழாமல் ஓடினால் பலகையை மூடிவிட்டுக் கார்டை மறந்துவிடலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தூசி தட்ட மட்டும் ஞாபகம் இருக்கட்டும்.